எம்பி3யை ஃபிளாக் ஆக்கினால் சிடி தரம் வராது

எஸ் கிளாஸ் பென்ஸில் பர்மெஸ்டர் நிறுவனத்தின் உயர்தர ஸ்பீக்கர் இருப்பதால், பழைய எம்பி3 பாட்டுகளை ஃபிளாக்காக (FLAC, ஒலியை இழப்பில்லாமல் சேமிக்கும் கோப்பு வகை) மாற்றிப் பென் டிரைவில் போட்டால் சிடி தரத்தில் கேட்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், அதைப் பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி நடக்காது நண்பரே. எம்பி3 ஆக்கும்போதே ஒலியின் ஒரு பகுதி வெட்டி எறியப்படுகிறது, போனது போனதுதான். ஃபிளாக் மிச்சமிருப்பதை அப்படியே பத்திரப்படுத்துமே தவிர புதிதாக எதையும் சேர்க்காது. 128 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 128 கிலோபிட்) இருக்கும் 4 நிமிடப் எம்பி3 பாட்டு சுமார் 4 மெகாபைட் (எம்பி). மாற்றினால் அது 20 எம்பியைக்கூடத் தாண்டலாம், பென் டிரைவில் இடம் போவதுதான் மிச்சம்.

நம்பிக்கை இல்லையா, நீங்களே பாருங்கள். ஆடாசிட்டி ஒலிக்கோப்புகளைத் திருத்தும் இலவச மென்பொருள்தான். அதில் நீங்கள் மாற்றிய ஃபிளாக்கைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கின்றன என்று காட்டும் படம்) காட்சிக்குப் போனால், 128 கேபிபிஎஸ் எம்பி3யில் இருந்து வந்த கோப்பு பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். அப்புறம் அதே பாட்டை ஒரிஜினல் சிடியிலிருந்து நேராக ஃபிளாக்காக எடுத்து அதையும் திறந்து பாருங்கள், பொதுவாக அது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் போகும். ஸ்பீக்கர் அருமையானதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் கோப்பில் இல்லாததை அது எங்கிருந்து எடுத்துத் தரும்?