மூவாயிரம் வெள்ளி கட்டுவதற்கு முன்

சென்ற வாரம் சிங்கப்பூர் தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த தம்பி கைப்பேசியை நீட்டினார். "அண்ணா, இந்த வகுப்பில் சேரலாமா?" இணையத்தளம் கட்டக் கற்றுத்தரும் வகுப்பு. 12 வாரம், 3,000 வெள்ளி. ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாதவர். பாடத்திட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். அத்தனையும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2005இல் தொடங்கிய எம்டிஎன் என்ற ஆவணத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பயிற்சியோடு சான்றிதழும் வேண்டுமென்றால் ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளம் இருக்கிறது. அதற்கும் ஒரு காசு தர வேண்டாம்.

மூல ஆவணத்தை முதலில் திறக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், வேலை பார்த்த இடத்தில் நான்கு மொழிகளிலும் பெயர் பதியும் படிவம் ஒன்றைச் செய்தோம். 'கோமதி' என்று தேடினால் சிலர் கிடைப்பார்கள், சிலர் கிடைக்கமாட்டார்கள். திரையில் பார்த்தால் எல்லாம் ஒரே 'கோ'தான். காணொளிகளிலேயே இரண்டு நாள் போயிற்று. எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் யூனிகோட் தரத்தின் ஆவணத்தைத் திறந்த பிறகுதான் விளங்கியது. 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடுகளாக வரலாம். ககரம், ஏகாரக் குறி, கால் என மூன்றாகவும் வரலாம். இரண்டும் சமம் என்கிறது யூனிகோட். ஆனால் நிரல் அப்படியே ஒப்பிட்டால் வேறு வேறுதான். இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் 'நார்மலைஸ்' என்ற ஒரே கட்டளையில் தீர்ந்தது.

நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்த ஊர் இது. 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் கூடியது. இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் பெயரைத் தேடித் தர முடியாமல் நின்றது மனத்தை உறுத்தியது.

இதேபோல் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்றெழுத்து. குறியீடுகளை விட்டு எழுத்துகளை எண்ண ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே 'இன்ட்டல் செக்மென்ட்டர்' என்ற கருவி இருக்கிறது. 2024இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டதால் இப்போது முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் ஓடும். எந்த உலாவியில் எது ஓடும் என்பதைக் 'கேன் ஐ யூஸ்' தளத்தில் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் பதில்களை நான் ஒதுக்கவில்லை. தேதியைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். பத்தாண்டுப் பழைய பதில் அன்றைக்குச் சரியாக இருந்திருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் இல்லாத கட்டளையை இருப்பதாக அவை அடித்துச் சொல்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆவணத்தோடு ஒப்பிடாமல் ஒரு வரியையும் ஏற்பதில்லை.

படித்ததைப் பழக எதையாவது கட்ட வேண்டும் அல்லவா? இதில் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுத் தளத்தில் இலவசமாகப் பதிந்து, நம் நிரல் அந்தத் தரவைக் கேட்பதற்கான ஒரு சாவி (ரகசியக் குறியீடு) வாங்கினால், 5 இலக்க நிறுத்த எண்ணைக் கொடுத்து அடுத்த பஸ் எப்போது வரும் என்று கேட்கலாம். வரைபடத்துக்கு ஒன்மேப் என்ற அரசாங்க வரைபடச் சேவை இருக்கிறது. தன் வீட்டு நிறுத்தத்துக்கு ஒரு சிறு செயலி எழுதிப் பாருங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். பிழை வந்தால் எம்டிஎன் பக்கத்தைத் திறந்த பிறகே என்னை அழைக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

ஞாயிறு காலை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் அவரோடு உட்கார்ந்திருப்பேன். 3,000 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் யாராவது இருந்தால், மடிக்கணினியோடு வாருங்கள்.