‘தி ஹோஸ்ட்’ ஓடாத படமா?
கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் ‘தி ஹோஸ்ட்’ திகிலையும் நகைச்சுவையையும் கலந்து குழப்பியதால் கொரியாவிலேயே ஓடவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேர்மாறு. 2006 ஜூலையில் வெளியான அந்தப் படத்துக்கு அங்கே 1 கோடியே 30 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. அதுவரை வந்த கொரியப் படங்களில் அதுவே உச்சம். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 5 கோடியைத் தொடவில்லை!

சாக்கடையில் ரசாயனத்தைக் கொட்டி, ஆற்றில் ஒரு மிருகம் உருவாக வழிவிடும் தொடக்கக் காட்சியும் வெறும் கற்பனை அல்ல. 2000இல் சியோலின் யோங்சான் அமெரிக்கப் படைத்தளத்தில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனத்தைச் சாக்கடையில் கொட்டவைத்தார்கள். அந்தக் கழிவுநீர் கடைசியில் சேர்வது சியோல் வழியே ஓடும் ஹான் ஆற்றில்தான். மிருகம் மட்டுமே இயக்குநரின் சேர்க்கை.

படத்தில், மிருகம் தூக்கிச்சென்ற சிறுமிக்காக அஞ்சலிக் கூடத்தில் அவள் குடும்பமே தரையில் உருண்டு அழும்போது நமக்குச் சிரிப்பு வருவது சிலருக்கு உறுத்தலாம், அது அவரவர் ரசனை. எனக்குப் படத்தின் உயிரே அந்தக் காட்சியில்தான் இருக்கிறது.