ஒரே உருப்பெருக்கத்தில் ஒப்பிடுவதே முறை
துப்பாக்கித் தொலைநோக்கிகள் பற்றிய ஒரு கட்டுரையில், உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய 3-9 மடங்கு தொலைநோக்கியையும் 4-12 மடங்கு தொலைநோக்கியையும் அவற்றின் மிகக் குறைந்த நிலையில் வைத்துப் பார்த்து, முன்னதன் பார்வைப்புலமே (கருவி வழியே ஒரே நேரத்தில் தெரியும் பரப்பே) அகலமானது என்று கட்டுரையாளர் முடிவு செய்திருப்பது நியாயமான ஒப்பீடாகத் தோன்றவில்லை. உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப்புலம் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறுகும் என்பதால், 100 மீட்டர் தொலைவில் 3 மடங்கில் 12 மீட்டர் அகலம் காட்டும் கருவி, 9 மடங்கில் சுமார் 4 மீட்டர்தான் காட்டும். ஆகவே இரண்டையும் 6 மடங்கில் நிறுத்தி அளக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொன்றின் அகலத்தையும் அந்நிலையின் உருப்பெருக்கத்தால் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகைகளை ஒப்பிட வேண்டும்.

முகப்பு வில்லை பெரிதாக இருந்தால் காட்சி விரியும் என்ற நம்பிக்கையும் (விற்பவர்கள் இதை மறுப்பதே இல்லை) சரியன்று. அகலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கண்ணருகு வில்லையின் அமைப்பே. கண்ணுக்கும் வில்லைக்கும் அதிக இடைவெளி தரும் கருவிகளில் பார்வைப்புலம் சற்றுக் குறைவது வழக்கம் என்றாலும், சுடும்போது பின்னுதைப்பு கடுமையான துப்பாக்கியில் கருவி கண்ணில் இடிக்காதிருக்க அந்த இழப்பை ஏற்பதே அறிவுடைமை. சில கருவிகளிலோ மிகக் குறைந்த மடங்குக்குத் திருப்பும்போது காட்சி விரிவதற்குப் பதிலாக வட்டம் மட்டும் சுருங்கி ஓரம் கறுக்கிறது. அங்கே மேற்சொன்ன விகிதக் கணக்கு பொருந்தாது.