புல்பப் துப்பாக்கியும் என் இடது தோளும்

நான் இடது கைக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

மாணவர் படை முகாமில் முதன்முதலாக ரைபிளைத் தொட்டபோது இயல்பாக அதை இடது தோளில் பொருத்திக்கொண்டேன். பயிற்சியாளர் ஒன்றும் பேசவில்லை. துப்பாக்கியின் கட்டையை எடுத்து வலது தோளில் வைத்துவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார். அது பழைய சாதாரண ரைபிள். இடது தோளில் வைத்திருந்தாலும் எப்படியோ சுட்டிருப்பேன். எந்திரம் விசைக்குப் பின்னால் இருக்கும் துப்பாக்கிக்குப் புல்பப் என்று பெயர். அந்த வகையான பிரிட்டிஷ் ராணுவத்தின் எல்85 ரைபிளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இடது தோளில் வைத்துச் சுட்டால், வலப்பக்கம் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளி, காலியை வெளியே இழுக்கும் பாகம்) கைப்பிடி முகத்தில் இடிக்கும். சூடான காலித் தோட்டாவும் கன்னத்தில் தெறிக்கும். அதனால் அங்கே இடது கைக்காரனும் வலது தோளில் வைத்துத்தான் சுடப் பழக வேண்டும்.

சாதாரண ரைபிளில் மேகசினும் (தோட்டாப் பெட்டி) தோட்டா அறையும் விசைக்கு முன்னால் இருக்கும். விசைக்குப் பின்னால் இருப்பது தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை. பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்தக் கட்டைக்குள் எதுவும் நடப்பதில்லை (எம்16 போன்ற சிலவற்றில் மட்டும் ஒரு சுருள்வில் ஓடும்). அந்த இடம் ஏன் சும்மா கிடக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் புல்பப். போல்ட், தோட்டா அறை, மேகசின் மூன்றையும் விசைக்குப் பின்னால், கன்னத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்கள்.

இதில் கிடைத்த லாபம் சாதாரணமானதல்ல. ஆஸ்திரிய ராணுவம் 1977இல் தேர்ந்தெடுத்த ஸ்டைர் ஏயுஜி ரைபிளின் மொத்த நீளம் 79 செ.மீ., அதில் குழல் மட்டும் 51 செ.மீ. அமெரிக்காவின் எம்16ஏ2 ரைபிளிலும் அதே 51 செ.மீ. குழல்தான், ஆனால் மொத்த நீளம் ஒரு மீட்டர். அந்தக் காலத்தில் காலாட்படை கவச வாகனங்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பின்கதவு திறந்ததும் குதித்து ஓட வேண்டியவனுக்கு அந்த 20 செ.மீ. பெரிய விஷயம். இந்த ரைபிள்கள் சுடும் 5.56 மி.மீ. தோட்டாவும் எடையை நம்பிய தோட்டா அல்ல, வேகத்தை நம்பியது. 51 செ.மீ. குழலிலிருந்து நொடிக்கு 940 மீட்டர் வேகத்தில் கிளம்புகிற அந்தத் தோட்டா, எம்16-இன் குட்டை வடிவமான எம்4 கார்பைனின் 37 செ.மீ. குழலிலிருந்து கிளம்பும்போது நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தை இழந்துவிடுகிறது. குழலை வெட்டாமல் துப்பாக்கியைக் குட்டையாக்கியதற்காகப் புல்பப்பை நான் எப்போதும் மெச்சுவேன்.

புல்பப் என்றதும் எல்85-இன் பெயரைச் சொல்லிச் சிரிப்பவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போவதில்லை. 1985இல் வந்த அந்தத் துப்பாக்கியில், உடம்பில் உரசினாலே மேகசின் கழன்று விழுந்தது. பூச்சி விரட்டி மருந்து பட்டு பிளாஸ்டிக் பாகங்கள் கரைந்தன. 1991 வளைகுடாப் போரின் மணலில் அது திணறியது. உண்மைதான். ஆனால் இதில் எது புல்பப் அமைப்பின் குற்றம்? தாழ்ப்பாளை மோசமாகச் செய்தால் எந்தத் துப்பாக்கியிலும் மேகசின் விழும். 2000க்குப் பிறகு ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் உள்பாகங்களை மாற்றிக் கொடுத்ததும் அதே புல்பப் ஒழுங்காகச் சுட்டது.

அமைப்பின் குறைகள் வேறு, அவை எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் தீராதவை. விசை முன்னால், அது தட்டிவிட வேண்டிய பொறி பின்னால். நடுவே ஒரு நீளமான கம்பி. விரலுக்குக் கிடைப்பது ஈரமண்ணை அழுத்துகிற மாதிரியான இழுவை. தரையில் குப்புறப் படுத்துச் சுடுகிறவன் மேகசின் மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். சாதாரண ரைபிளில் கண்ணுக்கு எதிரே, கை இயல்பாகப் போகிற இடத்தில் மேகசின் இருக்கிறது. புல்பப்பில் அது அக்குளுக்கு அடியில். முழங்கையை மடக்கி, துப்பாக்கியைச் சாய்த்து, தாடையை விலக்கித் துழாவ வேண்டும். பழகினால் வந்துவிடும் என்பார்கள். வரும். ஆனால் அதே அளவு பழகியவன் சாதாரண ரைபிளில் இன்னும் சீக்கிரம் மாற்றிவிடுவான்.

அடுத்து சுவர் மூலை, என் சொந்த வழக்கு. கட்டடத்தின் இடப்பக்க மூலையில் உடம்பை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் சுட வேண்டுமென்றால், வலது கைக்காரனும் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் தலையோடு பாதி உடம்பும் வெளியே தெரியும். ஸ்டைர் ஏயுஜியில் போல்ட்டை மாற்றிப் போட்டு, காலித் தோட்டா வெளியேறும் துளையின் மூடியை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்தால் இடது தோளில் சுடலாம். அதை ஆயுதக் கிடங்கில் மேசை போட்டுச் செய்யலாம், தெருமுனையில் செய்ய முடியாது. பெல்ஜியத்தின் எஃப்2000 காலித் தோட்டாவை ஒரு குழாய் வழியாக முன்பக்கம் தள்ளிவிடுகிறது. இடது கைக்காரர்களை மதித்த துப்பாக்கி என்று எனக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு, தோற்றம்தான் வீங்கிய மீன் போல இருக்கும்.

இவ்வளவும் இருந்தும் புல்பப்பை வீழ்த்தியது குண்டு துளைக்காத அங்கி என்பதே என் கணிப்பு. நெஞ்சில் தடித்த தகடு வந்ததும் விசைக்கும் தோளுக்கும் இடையே உள்ள நீளம் குறைய வேண்டியிருந்தது. எம்4-இன் கட்டையை உள்ளே தள்ளிவிடலாம். புல்பப்பில் அந்தக் கட்டைக்குள்தான் எந்திரமே இருக்கிறது, எதைத் தள்ளுவது? கட்டையை முழுக்க உள்ளே தள்ளிய எம்4-இன் நீளம் சுமார் 76 செ.மீ. பிரான்சின் ஃபமாஸ் புல்பப்பின் நீளமும் அதேதான். குழல் மட்டும் ஃபமாஸில் 12 செ.மீ. அதிகம். அந்தப் 12 செ.மீ.க்கு ஈடுகொடுக்க, குட்டைக் குழலை மனத்தில் வைத்துச் செய்த எம்855ஏ1 தோட்டாவை 2010இல் அமெரிக்கா கொண்டுவந்துவிட்டது.

பிறகு வரிசையாக நடந்தது தெரிந்ததே. நியூசிலாந்து 2015இல் ஏயுஜியைக் கைவிட முடிவெடுத்தது. பிரான்ஸ் 2016இல் ஃபமாஸுக்குப் பதிலாக எச்கே416 என்ற சாதாரண அமைப்பு ரைபிளைத் தேர்ந்தெடுத்தது. சீனா 1997இல் ஹாங்காங்கில் காட்டிய கியூபிஇசட்-95 புல்பப்புக்கு அடுத்ததாக, கட்டையை நீட்டிக் குறைக்கிற சாதாரண அமைப்பு ரைபிளை 2019 அணிவகுப்பில் கொண்டுவந்தது. ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், குரோஷியா இன்னும் புல்பப்போடு இருக்கின்றன. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஏனென்றால் கணக்கு மறுபடி மாறுகிறது. 2022இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் நிறுவனத்தின் எம்7 ரைபிளில் குழல் 33 செ.மீ. மட்டுமே. அதற்குள் வேகத்தைக் கூட்ட, தோட்டா அறையின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு வரை ஏற்றியிருக்கிறார்கள். முன்னால் சைலன்சர் வேறு. மொத்த நீளம் 90 செ.மீ.யைத் தாண்டிவிட்டது. அந்தப் போட்டியில் தோற்றது ஜெனரல் டைனமிக்ஸ் கொண்டுவந்த ஒரு புல்பப்.

எல்லாச் சிப்பாய்க்கும் சைலன்சர் என்று ராணுவங்கள் முடிவெடுத்தால், அளவுநாடாவை மறுபடி கையில் எடுப்பார்கள். அப்போது புதிதாக ஒரு புல்பப் வரும் என்றே நினைக்கிறேன். வந்தால் நான் முதலில் பார்ப்பது, காலித் தோட்டா எந்தப் பக்கம் விழுகிறது என்பதைத்தான்.