ஒரு டிக் போட்டதற்கா இவ்வளவு?

ஆபீஸ் நெட்டுக்குக் காவல் காக்கும் பெட்டியான ஃபயர்வாலில் "வெப் கேச்சிங்" என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஏதோ விளக்கம் இருக்குமென்று அதை அமுக்கினால், "வெப் கேச்சிங்கை இயக்க இதை டிக் செய்யவும்" என்று வருகிறது. அடப்பாவிகளா, அது எனக்குத் தெரியாதா?

நாற்பது பேர் ஆபீஸ். நெட் ஸ்லோ என்று முதலாளி தினமும் முனகுவார். சரி, கேச் போட்டால் ஒருமுறை வந்த பக்கத்தின் பிரதியை வைத்திருந்து அடுத்தவருக்கு அதையே கொடுக்கும், வேகம் வருமே என்று ஒரு சனிக்கிழமை சாயந்திரம் உட்கார்ந்தேன். டிக் போட்டேன், டிஸ்க்கில் 10 ஜிபி ஒதுக்கினேன். கீழே "பயனரின் ரீஃப்ரெஷ்ஷைக் கண்டுகொள்ளாதே" என்று இன்னொன்று. பேராசை, அதையும் போட்டேன். இது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை அக்கவுன்ட்ஸ் அக்கா போன். "தம்பி, குடோன் விலைப்பட்டியல் பழசாவே காட்டுது."

"கன்ட்ரோல் எஃப்5 அமுக்குங்கக்கா."

"விரல் தேஞ்சு போச்சு தம்பி."

அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது. உள்ளே இந்த கேச் வேலையைப் பார்ப்பது ஸ்குவிட் என்ற மென்பொருள். ஒரு பக்கம் தன் ஆயுளைத் தானே சொல்லவில்லை என்றால் அது ஜோசியம் பார்க்கும்: கடைசியாக மாறி எத்தனை நாள் ஆனதோ, அதில் 20 சதவீத காலத்துக்கு அது புதுசாம். எங்கள் பட்டியல் மாறிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஆக, சனிக்கிழமை எடுத்து வைத்த பிரதி திங்கள் சாயந்திரம் வரை புதுசு! ஞாயிறு ராத்திரி விலை ஏறியது அதற்கு எப்படித் தெரியும்? ரீஃப்ரெஷ்ஷைத்தான் கண்டுகொள்ளாதே என்று நானே டிக் போட்டிருக்கிறேனே!

இவ்வளவு கூத்துக்கும் லாபம் என்ன? கேச்சிலிருந்து போனது 2 சதவீதம். இன்றைக்கு எந்த சைட் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு இல்லாமல் இருக்கிறது? பூட்டிய கவரைத் தபால்காரர் எப்படிப் படிப்பார்? படிக்க வேண்டுமானால் நாற்பது கம்ப்யூட்டரிலும் ஃபயர்வால் பெட்டியை நம்பச் சொல்லும் சர்டிஃபிகேட்டை ஏற்றி, எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேங்க் பாஸ்வேர்டையும் சேர்த்து. கேச்சுக்காக அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன். மிச்சமிருப்பது பெரிய அப்டேட் ஃபைல்கள். அதற்கும் வேட்டு: ஒரு ஃபைல் 4 எம்பிக்கு மேல் போனால் ஸ்குவிட் சேமிக்காது, நாமாகப் போய் மாற்றினால் ஒழிய. அதை எந்த மெனுவில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சப்போர்ட்டுக்கு போன் போட்டால், "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணிப் பாருங்க சார்."

கடைசியில் "கேச்சை அழி" பட்டனை அமுக்கினேன். அமுக்கினால் எல்லார் நெட்டும் கடந்து போகும் பிராக்ஸியே ரீஸ்டார்ட் ஆகும் என்று ஒரு வார்த்தை எச்சரிக்கக் கூடாதா? அன்றைக்குத் தேதி 20. ஜிஎஸ்டி ரிட்டர்னைப் பாதி போட்டுக்கொண்டிருந்த ஆடிட்டர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ரெண்டு டிக்கையும் எடுத்துவிட்டேன். நேற்று அவர்கள் சொன்னபடியே ஃபர்ம்வேர் அப்டேட்டும் போட்டேன். இன்று காலை உள்ளே போய்ப் பார்க்கிறேன், ரெண்டும் அதே இடத்தில் மறுபடி ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன.