எல்லாரும் ஃப்ரீயாக இருக்கும் நாள் வராது

"அடுத்த கேம் எப்ப வைக்கலாம், எல்லாரும் எப்ப ஃப்ரீ?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி விழுந்தால் அப்புறம் என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் சனிக்கிழமை ஓகே என்பார். இன்னொருத்தருக்குச் சனிக்கிழமை டியூசன். மூன்றாமவர் "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். நாலாமவர் மெசேஜைப் பார்த்ததோடு சரி. இரண்டு நாளில் யாருடையதோ பிறந்தநாள் வாழ்த்துகள் வந்து அந்தக் கேள்வியை மேலே தள்ளிவிடும். அந்த மாதம் அதோடு போச்சு.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் நாங்கள் சிலர் மாதா மாதம் கூடி ரோல் பிளேயிங் கேம் விளையாடுகிறோம். ஆசிரியர்கள், ஒரு நர்ஸ் தங்கச்சி, தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் ஒரு தம்பி, டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் இன்பாக்ஸில் வரும் கேள்வி கேமைப் பற்றியதே இல்லை. "உங்களுக்கெல்லாம் எப்படி நேரம் கிடைக்குது?" என்பதுதான். கிடைப்பதில்லை. எங்களில் யாருக்கும் சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. குழு நிற்பதற்குக் காரணம் வேறு. ஆளைப் பார்த்துத் தேதி தேடுவதை விட்டுவிட்டோம். தேதியை முதலில் நட்டுவிட்டு, வருகிற ஆட்களோடு விளையாடுகிறோம். வளர்ந்தவர்கள் ஒரு குழுவாக எதையாவது தொடர்ந்து செய்ய இதைத் தவிர வேறு வழி இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

கேமைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கம்ப்யூட்டர் கேம் இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து வாயால் கதை சொல்லி விளையாடுவது. கதையை நடத்துபவரை ஜி.எம்., அதாவது கேம் மாஸ்டர் என்போம். "ஆத்துல வெள்ளம், பாலம் பாதி உடைஞ்சு கிடக்குது, என்ன செய்யப் போறீங்க?" என்று அவர் கேட்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்யும் என்று அவரவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருட்டுவோம், பெரும்பாலும் 20 முகமுள்ள டைஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இந்த வகையில் முதலில் கடைக்கு வந்தது. அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வந்துவிட்டன. எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டுவிட்டு யாரும் அதைத் தமிழில் பெயர்க்கலாம், தன் வசதிக்கு மாற்றலாம். ஆகவே காசு தடையே இல்லை. டைஸ் கூட வேண்டியதில்லை. 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பவும் உள்ளே போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, தேதிக்கு வருகிறேன். நான் கணிதம் படிப்பிக்கிறவன், அதனால் இதைக் கணக்காகவே சொல்கிறேன். ஜி.எம். எப்படியும் வருவார் என்று வைப்போம். விளையாடுபவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரும் பத்துக்கு எட்டு தடவை வரக்கூடியவர். வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு அது மிக நல்ல வரவுதான். இப்படி ஐந்து பேரும் ஒரே நாளில் வந்து சேரும் நிகழ்தகவு என்ன? 0.8ஐ ஐந்து தடவை பெருக்க வேண்டும். 0.33தான் வரும். அதாவது மூன்று மாதத்தில் ஒரு மாதம். "எல்லாரும் வந்தால்தான் கேம்" என்று வைத்தால் வருடத்துக்கு நாலு கேம்தான். இதையே "மூன்று பேர் வந்தால் கேம் நடக்கும்" என்று மாற்றிப் பாருங்கள். நிகழ்தகவு 0.94க்கு ஏறுகிறது. வருடத்தில் பதினொரு கேம். ஆட்கள் அதே ஆட்கள், அவர்களின் அக்கறையும் அதே அக்கறை. ஒரு விதியை மாற்றினோம், நாலு பதினொன்றாகிவிட்டது. (ஒருவர் வராததற்கும் மற்றவர் வராததற்கும் தொடர்பில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மண்சரிவில் ரோடு அடைபட்டால் எல்லாரும் சேர்ந்துதான் வராமல் போவார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.)

வராதவர்மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஐந்து பேரில் யாரோ ஒருவர் வராமல் போவதுதான் வழக்கமான மாதம். அதைப் பெரிய துரோகம் மாதிரி எடுத்துக்கொண்டு "நீங்க சீரியஸா இல்லை" என்று குரூப்பில் எழுதி உடைந்த குழுக்களை எனக்குத் தெரியும். வர முடியாதவர் "இந்த மாசம் இல்லை" என்று ஒரு வரி போட்டால் போதும். காரணம் கேட்கக் கூடாது. காரணம் சொல்ல வேண்டியிருப்பதே சிலரை மெதுவாக வெளியே தள்ளிவிடும்.

எங்கள் தேதி போயா, அதாவது மாதா மாதம் வரும் பௌர்ணமி விடுமுறை. பாடசாலை இல்லை, வங்கி இல்லை. முக்கியமாக, அது எந்தத் தேதி என்று யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு கலண்டரில் இருக்கிறது. நர்ஸ் தங்கச்சிக்குப் போயா என்றாலும் டியூட்டி வரும். ஆனால் வருடம் முழுவதும் தேதி தெரிந்திருப்பதால், ரோஸ்டர் போடுவதற்கு முன்பே கேட்டு மாற்றிக்கொள்ள அவருக்கு வழியிருக்கிறது. "எப்ப ஃப்ரீ" என்று கடைசி நேரத்தில் கேட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கொழுந்து கூடிய காலத்தில் ஃபெக்டரித் தம்பி வரமாட்டார், இரவிரவாக மெஷின் ஓடும். அது எங்களுக்கு முன்பே தெரியும், அவருக்காகக் கதையில் இடம் வைத்துவிடுவோம்.

போயாவிலும் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். போயா நாட்களில் ஹட்டன் டவுனில் கால் வைக்க இடமிருக்காது, மஸ்கெலியா பக்கம் போகும் பஸ்ஸில் தொங்கத்தான் வேண்டும். அப்போது நாங்கள் இடத்தை மாற்றுகிறோம். கொட்டகலைப் பக்கம் போய்விடுவோம். தேதியை மாற்றுவதில்லை. ஒருமுறை மாற்றினால் அடுத்த மாதமும் மாற்றலாமே என்ற பேச்சு வரும், பிறகு பழைய கேள்விக்கே திரும்பிவிடுவோம்.

இடத்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. யாருடைய வீட்டிலும் வைக்காதீர்கள். வீட்டில் வைத்தால் அந்த வீட்டுப் பெண் சமையலறையில் நிற்பார். அவருக்கும் விளையாட ஆசை இருக்கலாம் என்பதை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். நாங்கள் ஒரு நண்பரின் டியூசன் வகுப்பறையில் வைக்கிறோம், போயாவுக்கு அங்கே வகுப்பில்லை. வடையும் ரொட்டியும் கடையில் வாங்கிவிடுவோம், தேத்தண்ணிக்குப் பிளாஸ்க். காலை ஒன்பதரைக்குத் தொடக்கம், ஒரு மணிக்கு முடிவு, கதை எந்த இடத்தில் இருந்தாலும் சரி. பின்னேரம் மூடுபனி இறங்கி, தோட்டத்துக்குப் போகிற பஸ் நின்றுவிட்டால் பெண்களுக்கு அடுத்த மாதம் வீட்டில் அனுமதி கிடைக்காது. பிள்ளையை விட்டுவர முடியாதவர் கூட்டிக்கொண்டே வரட்டும். பின் பெஞ்சில் கலர் பென்சிலும் பேப்பரும் இருக்கும். பெண்கள் வந்துபோகிற மாதிரி நேரத்தையும் இடத்தையும் அமைக்காமல், "பொம்பளைங்க யாரும் இதுக்கெல்லாம் வர்றதில்லையே" என்று சொல்வது நியாயமே இல்லை.

இனிக் கதை. மூன்று பேர் வந்தாலும் விளையாட வேண்டுமென்றால் கதையும் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும். போன மாதம் குகைக்குள் நடுவழியில் நிறுத்திவிட்டு, இந்த மாதம் அதே ஆட்கள் வந்தால்தான் தொடரலாம் என்றால் தேதியை நட்டும் பயனில்லை. பென் ராபின்ஸ் என்பவர் அமெரிக்காவில் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்ற கேம் இதற்கு நல்ல வழி காட்டியது. ஒவ்வொரு ஆட்டமும் ஊரிலிருந்து புறப்படும், அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிடும். யார் வந்தார்களோ அவர்கள்தான் அன்றைய பயணக் கூட்டம்.

எங்கள் கதை 1880களில் நடக்கிறது. 1869இல் வந்த இலை நோயில் கோப்பி அழிந்துகொண்டே போக, தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் பாத்திரங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் தப்பால் பை, அதாவது தபால் பை, சுமப்பவர்கள். விடியலில் வழியோர மடத்திலிருந்து புறப்படுவார்கள், பொழுதுசாய மடத்துக்குத் திரும்புவார்கள். அன்று வராதவரின் பாத்திரம் காய்ச்சலில் மடத்தில் படுத்திருக்கும், அல்லது வேறு பாதையில் போயிருக்கும். கதையில் ஓட்டை விழுவதில்லை.

ஒரு ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். அன்று ஹார்ட்வெயார் அண்ணன் ஜி.எம். மூன்றே பேர்தான் வந்திருந்தார்கள். பைக்குள் ஒரு துண்டு இருந்தது. துண்டு முறை என்பது நம் வரலாறு: ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால், அவர்கள் பெயரிலுள்ள கடனை எழுதிய துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் விடுவார்கள். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கதையில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு பெண் வழிமறித்து, "எங்க மேல எவ்வளவு எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்கிறாள். பாத்திரங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நர்ஸ் தங்கச்சியின் பாத்திரம் ஒரு கிழவி. அவள் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கெஞ்சினாள். டைஸில் 4 விழுந்தது, இருபதுக்கு நாலு என்றால் தோல்விதான். கணக்கப்பிள்ளை ஒரு தொகையைச் சொன்னார், அது பொய் என்று மேசையில் எல்லாருக்கும் தெரியும், கிழவிக்கு மட்டும் தெரியாது. தங்கச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் அந்த மனுசன் சொன்ன ஒவ்வொரு பத்துக்கும் முந்தானையில ஒரு முடிச்சுப் போட்டுக்கிறேன். அடுத்த தோட்டத்துல வாசிக்கத் தெரிஞ்ச யாரையாவது கேட்டு இந்த முடிச்சோட ஒப்பிட்டுப் பாப்பேன்" என்றார். சொல்லிக்கொண்டே தன் துப்பட்டா நுனியில் நிஜமாகவே முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். எங்கள் பாட்டிமார் எதையெல்லாம் இப்படி எண்ணி வைத்திருப்பார்கள் என்று அந்த மேசையில் பேசியதைப் போல வேறு எங்கும் நாங்கள் பேசியதில்லை. அன்றைக்கு ஐந்து பேரும் வரவேண்டும் என்று காத்திருந்தால் இது நடந்தே இருக்காது.

ஜி.எம். வேலையை ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள். மாதா மாதம் கதையும் யோசித்து, ஆளையும் கூப்பிட்டு, வடையும் வாங்குபவர் ஒரு வருடத்தில் களைத்துப்போவார். அவர் நின்றால் குழுவும் நின்றுவிடும். ஒரு பயணம், ஒரு சிக்கல் என்று கதை சிறிதாக இருப்பதால் ஆளுக்கு ஆள் மாற முடிகிறது. முன்னேற்பாடு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆள் கூப்பிடும் வேலை ஜி.எம். இல்லாத ஒருவரிடம் இருக்கட்டும்.

கொழும்பில் வேலை செய்யும் நண்பர்கள் "ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் விளையாடுறேன்" என்பார்கள். ஒருவர் போனிலும் மற்றவர்கள் மேசையிலும் இருந்தால் இருவருக்குமே சரிவராது. அவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரும்போது அவர்களுக்கென்று தனியாக ஒரு ஆட்டம் வைப்பது நல்லது.

"இந்த வயசில விளையாட்டா?" என்று கேட்பவர்களுக்கு நான் காமன் கூத்தைத்தான் காட்டுவேன். மாசி மாதம் வந்தால் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பகலில் மலையில் நின்றவர் இரவில் மன்மதனாகவும் ரதியாகவும் நிற்பார். வேடம் கட்டுபவர்கள் குடும்பஸ்தர்கள், அவர்களை யாரும் சின்னப்பிள்ளை என்று சொன்னதில்லை. மாசியில் யார் யாருக்கு வசதி என்று கேட்டு எந்தத் தோட்டமும் காமன் கூத்தைத் தொடங்கியதுமில்லை. பிறையைப் பார்த்து நாள் வரும், தப்பு அடிக்கும், ஆட்கள் வந்து சேர்வார்கள்.

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் யாராவது தொடங்க நினைத்தால் மூன்று பேர் போதும். நாங்கள் விளையாடும் விதிகளைத் தமிழில் சுருக்கி எழுதி வைத்திருக்கிறேன், இன்பாக்ஸில் கேட்டால் அனுப்புகிறேன். மெசேஜில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள்: மாதத்தில் எந்த நாள் என்று முடிவு செய்துவிட்டீர்கள்?