தப்பான இடத்தில் வெட்டிய சொற்கள்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னாலே திருத்த ஓடி வருகிறவர்களிடம் 'பஸ்' எப்படிப் பிறந்தது என்று சொல்ல எனக்கு ரொம்ப ஆசை.

1820களில் பிரான்சில், காசு கொடுத்தால் யாரும் ஏறிக்கொள்ளக்கூடிய குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. 'ஆம்னிபஸ்' என்று பெயர். லத்தீனில் 'எல்லாருக்கும்' என்று பொருள். 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் என்ற வண்டி கட்டுகிறவர் அதை லண்டனுக்குக் கொண்டுவந்தார். பெயர் நீளம் என்று ஜனங்கள் தலையை வெட்டிவிட்டு வாலை வைத்துக்கொண்டார்கள். அந்த வால் தனிச் சொல்லே கிடையாது, வெறும் வேற்றுமை உருபு. 'எல்லாருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும், அப்படி! மினிபஸ், டிராலிபஸ் எல்லாம் அந்த 'க்கும்' போட்ட குட்டிகள்தான். முழுப்பெயர் நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் இன்னும் ஓடுகிறது.

ஹாம்பர்கரும் இதே கதைதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துப் பெயர் அது. ஆங்கிலத்தில் 'ஹாம்' என்றால் பன்றித்தொடை இறைச்சி என்பதால், காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்டது. மாட்டிறைச்சியில் செய்கிற பண்டம் என்பது தடையாகவே இல்லை. மிச்சம் நின்ற 'பர்கர்' இன்று எதோடும் ஒட்டும். ஹெலிகாப்டரில் கிரேக்கப்படி மூட்டு 'ஹெலிகோ' என்ற சுருளுக்கும் 'ப்டெர்' என்ற இறக்கைக்கும் நடுவில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் 'ஹெலி', 'காப்டர்' என்று வெட்டியதில்தான் ஹெலிபேட் ஒரு பக்கமும் குவாட்காப்டர் இன்னொரு பக்கமும் கிடைத்தன. சமையலில் உடைமேல் கட்டிக்கொள்கிற ஏப்ரனும் முன்பு 'நேப்ரன்'தான். 'எ நேப்ரன்' என்று சேர்த்துச் சொல்லிச் சொல்லி, 'ந' முன்னால் இருந்த 'எ'யோடு போய் ஒட்டிக்கொண்டு 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது.

இதையெல்லாம் அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. லத்தீனும் கிரேக்கமும் படிக்காத வண்டிக்காரரும் கடைக்காரரும் காதை மட்டும் நம்பிச் செய்த வேலை இது. பண்டிதர்கள் உட்கார்ந்து உருவாக்கிய எத்தனையோ சொற்கள் அகராதியிலேயே கிடக்க, இவை தெருவில் புழங்குகின்றன.

நம் மேல்நிலை வகுப்பு ஆங்கிலத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. ஆம்னிபஸ்ஸின் சுருங்கிய வடிவம் எது, ஸ்மோக்கும் ஃபாகும் சேர்ந்தால் என்ன என்று கேட்டு, ஸ்மாக் என்று டிக் அடித்தால் ஒரு மதிப்பெண், அத்தோடு சரி. அந்த மதிப்பெண்ணுக்கு முன்னால் ஆசிரியர்கள் ஐந்து நிமிடம் இந்தக் கதைகளைச் சொல்லட்டும். அப்புறம் நாலு சொல்லைக் கொடுத்து, இஷ்டப்படி வெட்டி ஒட்டுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டுவிடட்டும்.